தாண்டியவனைத் தேடி வந்த ஜீப்

பத்து வயதில் நான் நம்பியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். என் தங்கச்சியின் வலது காலை விழ வைத்தது நான்தான் என்றும், அதைத் துப்புத் துலக்கத்தான் அரசாங்கம் ஒரு ஜீப்பையும் நீல நிற ஐஸ் பெட்டியையும் எங்கள் ஆனையூருக்கு அனுப்பியது என்றும் நம்பினேன். கொரோனா வந்தபோது கொத்தமல்லிக் கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டிலிருந்த எல்லோரையும் நுரை ததும்பும் ரசம் குடிக்க வைத்தவன் நான். பயம் என்று வந்துவிட்டால் எனக்கு அன்றும் இன்றும் ஒரே வயதுதான்.

குற்றம் இதுதான். தங்கச்சிக்கு அப்போது நாலு வயது. காய்ச்சலோடு பாயில் சுருண்டு கிடந்தாள். ஜன்னல் கட்டையில் இருந்த பம்பரத்தை எடுக்க அவளைத் தாண்டிப் போனேன். படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டினால் அது வளராது, தாண்டியவன் வந்த பக்கமே திரும்பத் தாண்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது எங்கள் தெருவில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரிந்த சட்டம். நானும் திரும்பத் தாண்டத்தான் இருந்தேன். அதற்குள் அம்மா வந்து, கிளினிக்குக்குக் கொண்டுபோக அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். இடுப்பில் ஊசி வாங்கிக்கொண்டு அழுதபடி வந்தவள், அப்புறம் அம்மாவின் மடியை விட்டு இறங்கவே இல்லை. நான் ஜன்னல் பக்கம் பம்பரத்தோடு நின்றது நின்றபடி ஆகிவிட்டது.

இதை மாமா பார்த்துவிட்டார். அம்மாவின் தம்பி. சோழவந்தானிலிருந்து வந்து எங்களோடு தங்கி ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தார். படித்தது குறைவு, என்னைக் கலங்கடித்தது அதிகம்.

"என்ன மாப்ள, தாண்டிட்டு அப்படியே விட்டுட்ட? போச்சு. இனி உன் தங்கச்சி இம்புட்டுத்தேன்" என்று தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தது அதுதான் கடைசி.

மறுநாள் காலையில் தங்கச்சி கட்டிலிலிருந்து இறங்கினாள். இறங்கியவள் நிற்காமல் அப்படியே சரிந்தாள். விளையாடுகிறாள் என்று அம்மா தூக்கி நிறுத்தினாள். மறுபடியும் சரிந்தாள். வலது பாதம், ஈரத் துணியைக் கொடியில் போட்டதுபோலத் தொங்கியது. அம்மா போட்ட சத்தத்தில் குழாயடியில் இருந்தவர்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். அவர்கள் பார்த்தது காலை. நான் பார்த்தது மாமாவை. அவரும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை.

அப்பா பேரையூர் பஸ்ஸில் டிரைவர். டிப்போவுக்குப் போன் போட மாமா தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். பூத்தில் உட்காருகிறவர் கடைசி வீட்டு அக்கா. அவருக்குச் சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போய்விட்டது. முழங்கால் வரைக்கும் இரும்புக் கம்பி கட்டிய பூட்ஸ் போட்டிருப்பார். அவர் வருவது 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு இழுவை. அதுவரை அது எனக்குக் கோயில் மணி, பால்காரர் ஹாரன் மாதிரித் தெருவில் இருக்கிற ஒரு சத்தம். அன்றைக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டால் அம்மா வாசல் கதவைச் சாத்த ஆரம்பித்தாள்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சின்னச் சுத்தியலால் தங்கச்சியின் முழங்காலைத் தட்டினார், பாதத்தில் சாவியால் கீறினார், விரலைப் பிடித்து ஆட்டினார். அம்மாவைத் தனியே அழைத்து ஏதோ சொன்னார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். 'போலியோ' என்கிற வார்த்தை என் காதிலும் விழுந்தது.

"அதுவாத்தேன் இருக்கணும்னு இல்லம்மா. இருக்கான்னு பாக்கணும். இப்ப எதையும் சொல்ல முடியாது. நாங்க தகவல் குடுத்துட்டோம், ஆளுக வருவாங்க" என்றார் டாக்டர்.

இதில் அம்மாவுக்குக் கேட்டது முதல் வார்த்தை. எனக்குக் கேட்டது கடைசி இரண்டு வார்த்தை.

நாங்கள் வீடு வந்து சேர்ந்த மறுநாள், ஆளுகள் வந்தார்கள். அரசாங்க ஜீப். கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா, கையில் நீலப் பெட்டியோடு ஒரு நர்ஸ். நான் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கிருந்து கேட்டால், போலீஸ் விசாரணை மாதிரியே இருந்தது.

"காய்ச்சல் என்னைக்கும்மா ஆரம்பிச்சது? கால் விழுந்தப்ப காய்ச்சல் இருந்துச்சா? ஊசி எந்தப் பக்கம்? வெளியூர் எங்கயும் போனீங்களா? பிள்ளை யாரு கூட இருந்துச்சு?"

அம்மா திரும்பி டிரம்மைக் காட்டினாள். "அந்தா, மூத்தவன். அவன் கூடத்தேன் கெடப்பா."

"இங்க வாப்பா. கொஞ்சம் நடந்து காட்டு."

நடந்தேன். நடந்தேன் என்று சொல்வது மரியாதைக்கு. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று முட்ட, அப்போதுதான் நிறுத்திய மாவரைக்கும் மிஷினில் பெல்ட் மட்டும் ஆடுவதுபோல ஆடிக்கொண்டு போனேன். டாக்டரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இவனுக்கும் கால் நடுங்குதே!"

"ஐயோ, ரெண்டுமா!" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

என்னை ஸ்டூலில் உட்காரவைத்துச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார்கள். என் கால் என்னைக் கேட்காமலே எழும்பி, முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் முகவாயில் ஓங்கி ஓர் உதை விட்டது. "இவனுக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கான்" என்றார் டாக்டரம்மா. மாமாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நர்ஸ் கேட்டதுதான் எங்கள் வீட்டை உலுக்கிவிட்டது. தங்கச்சியின் மலம் வேண்டும். இரண்டு தடவை, ஒரு நாள் இடைவெளி விட்டு. "பிள்ளை வெளிய போனா கழுவிராதீங்கக்கா. எத்தன மணியானாலும் பூத்துல இருந்து ஒரு போன் போடுங்க, நான் வந்து எடுத்துக்கிறேன்."

அம்மா வெட்கத்தில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அரசாங்கம் நம் வீட்டில் எதையெதையோ கேட்கும். இதைக் கேட்கும் என்று யார் நினைத்தார்கள்? தங்கச்சியோ, தன்னிடம் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே அதை நிறுத்திவிட்டாள். அம்மாவின் ஊரிலிருந்து ஒரு தார் வாழைப்பழம் வந்தது. அப்பா டூட்டி முடிந்து வந்தார், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தத் தொங்கும் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமா அவள் எதிரே குத்தவைத்து, முக்கிக் காட்டினார். "ஏத்தா, மாமனுக்காக ஒரே ஒருக்கா!" அவள் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு இன்னொரு பழம் கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் அது வந்தது. மாமா பூத்துக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெருவே எழுந்து நின்றது. நர்ஸ் வந்தார். சின்ன டப்பாவில் எடுத்து, மூடி, பனிக்கட்டிகளுக்கு நடுவே அலுங்காமல் வைத்துப் பெட்டியைப் பூட்டினார். திருவிழாவில் சாமி நகைப் பெட்டியைக்கூட அவ்வளவு பத்திரமாகத் தூக்கிப்போய் நான் பார்த்ததில்லை.

"எங்க போகுது மாமா?" என்று கேட்டேன்.

"மெட்ராஸுக்கு. அங்க மிஷின்ல வச்சாய்ங்கன்னா யாரு, என்ன பண்ணான், எந்தப் பக்கம் தாண்டுனான், அம்புட்டும் தெரிஞ்சிரும் மாப்ள."

சொல்லும்போது அவர் கண் சிவந்திருந்தது. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து அவர்கள் தெருவுக்குள் இறங்கினார்கள். வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாயில் சொட்டு மருந்து விட்டு, கதவில் சாக்பீஸால் குறி போட்டார்கள். நான் ஒருத்தியைத் தாண்டினதுக்குத் தெருவுக்கே வைத்தியம் நடக்கிறதே என்று கதவு கதவாகக் குறியை எண்ணிக்கொண்டு வந்தேன். தெருக்காரர்களுக்கு வேறு பயம். குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் மெல்ல நகர்ந்தன. அம்மா அதைப் பார்க்காததுபோல் தண்ணீர் பிடித்தாள். எங்கள் வீட்டுக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. வந்தது ஒரே ஒரு சத்தம். டக், இழுவை. டக், இழுவை.

அம்மா கதவைச் சாத்துவதற்குள் கடைசி வீட்டு அக்கா படியேறிவிட்டார். உட்கார்ந்து தங்கச்சியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு அந்த இரும்புக் கம்பியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"பயப்படாதீங்கக்கா. ஜீப்பு வந்துச்சுல்ல" என்றார் அக்கா.

அதுதானே பயமே என்று நான் நினைத்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்த ஜீப்பு வந்ததுல இருந்துதேன் தெருவுல ஒரு மனுஷி மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறா" என்றாள்.

இரண்டாவது டப்பாவுக்கு நாள் வந்துவிட்டது. அதற்குள் நான் கணக்கை முடித்தாக வேண்டும். அம்மா தண்ணீருக்குப் போன நேரம், தங்கச்சி பாயில் படுத்திருந்தாள். பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. அன்றைக்கு அவள் தலை கிழக்கே இருந்தது, இன்றைக்கு மேற்கே. அப்படியென்றால் நான் எந்தப் பக்கமிருந்து தாண்ட வேண்டும்? தப்பான பக்கம் தாண்டினால் இன்னொரு காலும் போய்விடுமே! இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய் நின்று பார்த்தேன். சாமியைக் கும்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன்.

தங்கச்சி கெக்கெக்கே என்று சிரித்தாள். "இன்னொருக்கா!"

"முடியாதுடி."

"இன்னொருக்கா!" அழத் தயாராகிவிட்டாள். அழுதால் அம்மா வந்துவிடுவாள். தாண்டினேன். மறுபடி கேட்டாள், மறுபடி தாண்டினேன். போனது எத்தனை, வந்தது எத்தனை என்று ஒரு கட்டத்தில் விட்டுப்போனது. சட்டப்படி அவள் இப்போது கால் போனவளா, வந்தவளா என்று எனக்கே தெரியவில்லை. நான் நடுவில் திகைத்து நின்றபோது அவள் என்னை எட்டி உதைத்தாள். உதைத்தது நல்ல கால்தான். ஆனால் அந்த உதையோடு சேர்ந்து மற்ற காலின் கட்டைவிரல் லேசாக அசைந்தது.

"அம்மா! அசையுதும்மா!"

அம்மா குடத்தை எங்கே போட்டாள் என்று தெரியாது, தண்ணீர் மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. முட்டிபோட்டுக் குனிந்து அந்த விரலையே பார்த்தாள். "ஏத்தா, ஆட்டு. ஆட்டு சாமி." தங்கச்சி ஆட்டவில்லை. கூட்டம் சேர்ந்தால்தான் அவள் எதையும் நிறுத்திவிடுவாளே. அம்மா அசையாமல் அப்படியே கிடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஈ ஒன்று வந்து உட்கார, விரல் மறுபடி அசைந்தது.

அதோடு வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நர்ஸ் சாயங்காலம் வந்தார், விரலைப் பார்த்துச் சிரித்தார், "ரொம்ப சந்தோஷம்க்கா" என்றார், இரண்டாவது டப்பாவையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கால் வந்த பிறகும் எதற்கு? என் குற்றத்தை எழுத்தில் வைத்தால்தான் அரசாங்கத்துக்குத் திருப்தியோ என்று நினைத்துப் படுத்தேன்.

தங்கச்சி முதலில் சுவரைப் பிடித்து நடந்தாள். அப்புறம் நொண்டினாள். அப்புறம் ஓடினாள். குழாயடியில் குடங்கள் பழைய இடத்துக்கு வந்தன. எல்லோரும் எல்லாவற்றையும் மறந்துவிட்டோம் என்று இருந்தபோது, இரண்டு மாதம் கழித்து, அந்த ஜீப் மறுபடியும் எங்கள் வாசலில் நின்றது.

நான் நேரே அரிசி டிரம்முக்குப் பின்னால். ஆனால் டாக்டரம்மா என்னைக் கேட்கவே இல்லை. தங்கச்சியைத் தெருவில் நடக்கச் சொன்னார், ஓடச் சொன்னார், குதிகாலில் நிற்கச் சொன்னார். இரண்டு காலையும் அளந்து பார்த்தார். ஏதோ எழுதினார். "நல்லா இருக்காம்மா, வாரோம்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அம்மா மட்டும் ஜீப் திரும்பும் வரை தெருவிலேயே நின்றாள். பூத்து வாசலில் கடைசி வீட்டு அக்காவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் போனாள். அக்காதான் முதலில் பேசினார்.

"எனக்கு விழுந்தப்ப ஒரு வண்டியும் வரலக்கா. காத்துக்கருப்புன்னு மந்திரிக்கத்தேன் தூக்கிட்டுப் போனாங்க."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல கால் வந்தது எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு, அம்மா ஏன் அந்த அக்காவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று டிரம்மை விட்டு வெளியே வந்த எனக்கு விளங்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். கிளினிக்கில் போட்ட ஊசி தங்கச்சியின் இடுப்பு நரம்பில் பட்டிருந்தது. காரணம் எதுவானாலும், பிள்ளைக்குத் திடீரென்று கால் விழுந்தால் அது போலியோவா என்று கடைசிவரை பார்த்து உறுதிசெய்வதுதான் அந்த ஜீப்பின் வேலை. மெட்ராஸுக்குப் போன இரண்டு டப்பாவிலும் போலியோ இல்லை. கடைசி வீட்டு அக்காவுக்கு வந்தது போலியோ.