இவர் இல்லை என்று ராத்தா சொன்ன நாள்

ராத்தாவின் கழுத்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனபோது நல்ல வெயில். அஸர் தொழுகைக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. திருட்டு இருட்டில்தான் நடக்கும் என்று நம்பி, மஃரிபுக்குப் பிறகு கேட்டைப் பூட்டி வந்த எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சிறிய தெருவுக்கு, அது ஒரு பெரிய அதிர்ச்சி.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். வாப்பா தன் வீட்டு வளவை இரண்டாகப் பிரித்து, ஒழுங்கையோரப் பாதியை ராத்தாவுக்கும் உள்பாதியை எனக்கும் எழுதி வைத்தார். கல்யாணம் முடித்தும், பிள்ளைகள் வளர்ந்தும், அக்காவும் தங்கையுமாக நாங்கள் ஒரே கேட்டுக்குள் வாழ்கிறோம். மச்சான் மௌத்தாகி, ராத்தா விதவை. ராத்தாவின் மகன்மார் கட்டாரில். ராத்தா வீட்டிலிருந்தே அபாயா தைக்கிறார். நான் கல்முனையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன்.

அன்று சனிக்கிழமை. ராத்தா கேட்டுக்கு வெளியே மதிலோர முருங்கையில் காய் பறித்துக்கொண்டு நின்றார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, “சாச்சி, டீச்சர்ட வீடு எது?” என்று கேட்டிருக்கிறான். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு டீச்சர்கள். “எந்த டீச்சர் மகன்?” என்று ராத்தா கிட்டப் போனார். அவ்வளவுதான். சங்கிலி அறுவதற்கு முன் ராத்தாவின் கழுத்தை அறுத்துவிட்டது.

சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது ராத்தா மதிலில் சாய்ந்து நின்றார். முக்காடு இரத்தத்தில் நனைந்திருந்தது. கையில் முருங்கைக்காய்கள் அப்படியே இருந்தன. ஒழுங்கையே திரண்டு வந்தது. முன்வீட்டு மாமி சீனித் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு பிரதான வீதிவரை துரத்திப் போனார்கள். நிந்தவூர்ப் பக்கம் போனான் என்று ஒருவர் சொன்னார், இல்லை, வயல் பக்கம் போனான் என்று இன்னொருவர். ஆள் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தையல் போட்டார்கள். பொலிஸில் முறைப்பாடும் எழுதினோம்.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அது திருடனைவிட வேகமாக வீடு வீடாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு காலையும் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அக்கரைப்பற்றில் ஒரு பெண்ணின் காதை அறுத்துவிட்டார்களாம். வெள்ளை வேனில் ஆட்கள் வந்திருக்கிறார்களாம். அது நடந்ததா, எப்போது நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. வந்ததை அடுத்தவருக்கு அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன். ஒழுங்கையில் கேமராக்கள் முளைத்தன. பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் மணலில் இருந்து கதைக்கும் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். பாய் விற்பவர், பிளாஸ்டிக் சாமான் விற்பவர், யார் கூப்பிட்டாலும் கேட் திறக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கருத்தாக இருந்தார்கள். வந்தவன் வெளியாள்.

ராத்தா மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். “அவன் என்ன எங்கட புள்ளைகள் மாதிரி சாச்சி எண்டு கூப்பிட்டான் புள்ள. அவன் கதைக்கிற பேச்சு எங்கட பேச்சுதான்.”

“அது நடிப்பு, ராத்தா. படிச்சிக்கிட்டு வந்திருப்பான்,” என்றார் முன்வீட்டு மாமியின் மருமகன். பள்ளிவாசல் வேலைகளில் முன்னுக்கு நிற்பவர், நல்ல மனிதர்.

“ஒருத்தன்ட பேச்ச ஒருத்தன் அப்படிப் படிக்க ஏலாது மகன்.”

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சங்கிலியைப் பறிகொடுத்தவர் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திருடன் எங்களில் ஒருவனாக இருக்கலாம் என்பதைவிட, எங்கிருந்தோ வந்தவன் என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

தையல் பிரித்துச் சில நாட்களுக்குப் பிறகு, ஒரு விடுமுறை நாள் காலை, அந்த மருமகன் எங்கள் கேட்டைத் தட்டினார். மூச்சு வாங்கியது.

“ஆள் புடிபட்டுட்டான். சந்தியில வெச்சிருக்கம். ராத்தாவ ஒருக்கா வரச் சொல்லுங்க, அடையாளம் காட்ட.”

ராத்தா பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவி, அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

சந்தியில் ஒழுங்கை ஆண்கள் எல்லோரும் நின்றார்கள். நடுவில், பலசரக்குக் கடைப் படியில், ஒருவரை இருத்தி வைத்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும். சட்டை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உதட்டில் இரத்தம். அவருடைய மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதன் பெட்டியிலிருந்து குறடு, ரப்பர் குழாய், கேஸ் அடுப்பின் பாகங்கள் எல்லாம் தரையில் கொட்டிக் கிடந்தன. நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது.

“சவளக்கடை ஊர்க்காரனாம். அடுப்புத் திருத்துறவனாம். ஒவ்வொரு கேட்டா நிண்டு நிண்டு பாத்துக்கிட்டு வந்தான். கேமராவில இரிக்கி,” என்று ஒருவர் சொன்னார்.

“ஒரு அக்கா போன்ல வரச் சொன்னவ. வீடு தெரியாமத்தான் பாத்துக்கொண்டு வந்தனான்,” என்றார் அந்த மனிதர். யாரும் கேட்கவில்லை.

மருமகன் ராத்தாவின் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். “ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க ராத்தா. மிச்சத்த நாங்க பாத்துக்கிறம்.”

ராத்தா அந்த மனிதருக்கு முன்னால் போய் நின்றார். நான் ராத்தாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துக் காயம் இன்னும் சிவப்பாக, முக்காட்டுக்குள் கொஞ்சம் தெரிந்தது. சந்தியில் நின்ற எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும்.

“ஹெல்மெட் எங்க?” என்று ராத்தா கேட்டார். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். “தம்பி, இதப் போடுங்க.” அவர் போட்டுக்கொண்டார். “கண்ணாடியத் தூக்குங்க. இப்ப, டீச்சர்ட வீடு எது எண்டு என்னக் கேளுங்க.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “டீச்சரின்ர வீடு எது அக்கா?” என்றார்.

“இன்னொருக்கா.”

மறுபடியும் கேட்டார். அதே ‘டீச்சரின்ர’, அதே ‘அக்கா’.

ராத்தா திரும்பி எல்லோரையும் பார்த்தார். “இவர் இல்ல.”

எல்லோரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். நல்லாப் பாருங்க. பயத்துல சொல்றீங்க. இவன் இல்லாட்டி இவன்ட கூட்டாளி. பின்னால் நின்ற ஒருவன் எட்டி அந்த மனிதரின் ஹெல்மெட்டில் அடித்தான். நான் ராத்தாவின் கையைப் பிடித்து இழுத்தேன். “வாங்க ராத்தா, போவம். நாம சொல்லிட்டம்தானே.”

ராத்தா என் கையை விலக்கினார். சாய்ந்து கிடந்த மோட்டார் சைக்கிளைக் காட்டி மருமகனிடம் சொன்னார். “இத நிமித்துங்க மகன்.”

“ராத்தா...”

“நிமித்துங்க. என்ட வீட்டு அடுப்புல ஒரு பக்கம் எரியிதில்ல. எத்தின நாளாச் சொல்லிக்கிட்டு இரிக்கன். இந்தத் தம்பி வந்து பாக்கட்டும். பொலிஸுக்குக் கோல் எடுங்க. அவங்க வந்து கேக்குறத என்ட வீட்டுல வெச்சிக் கேக்கட்டும்.”

யாரும் அசையவில்லை. ராத்தா குனிந்து, தரையில் கிடந்த குறட்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். பிறகு குழாயை. பிறகு ஒவ்வொரு பித்தளைத் துண்டாக. ஊரே நின்று பார்க்க, பெரிய மனுசி ஒருவர் வீதியில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருப்பதை அந்த ஆண்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முதலில் குனிந்தது மருமகன்தான். பிறகு இன்னும் இரண்டு பேர். மோட்டார் சைக்கிள் நிமிர்ந்தது. பிடுங்கி வைத்திருந்த சாவியும் எங்கிருந்தோ வந்தது.

ராத்தா முன்னால் நடந்தார். அந்த மனிதர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார். வண்டியின் மறுபக்கம் நான். எங்களுக்குப் பின்னால் கூட்டம். சந்தியிலிருந்து எங்கள் கேட் அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் நான் நடந்த மிக நீளமான தூரம் அதுதான். ராத்தா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பொலிஸார் வந்தபோது அந்த மனிதர் குசினியில் அடுப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். உதட்டுக்கு ராத்தா ஐஸ் கொடுத்திருந்தார். அருகில் பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. குடிக்க அவரால் முடியவில்லை. பொலிஸார் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், அவரை வரச் சொன்ன வீட்டுக்கு ஃபோன் எடுத்துப் பேசினார்கள். அடுத்த ஒழுங்கையில் இருந்த அந்தப் பெண் ஓடிவந்து, தான்தான் கூப்பிட்டேன் என்று அழுதார். விஷயம் அதோடு முடிந்தது. போகும்போது அந்த மனிதர் ராத்தாவைக் கும்பிட வந்தார். ராத்தா பதறிப் பின்னால் போனார். “அப்படிச் செய்யாதீங்க தம்பி. எங்கட ஆக்கள் செஞ்சதுக்கு மன்னிச்சுக்கங்க.”

அன்று பின்னேரம் ராத்தாவிடம் கேட்டேன். “உங்களுக்குப் பயமா இரிக்கல்லையா?”

“இல்லாம? நெஞ்சு வெடிக்கப் பாத்திச்சு.” மீதி மீனைக் கழுவிக்கொண்டே சொன்னார். “கொழும்புக்குப் போகக்குள்ள பஸ்ஸ மறிச்சி ஆமிக்காரனுகள் நம்மட பேக்க மட்டும் தொறந்து பாத்தானுகள், ஞாபகம் இரிக்கா? என்ட பக்கத்துச் சீட்டு மனிசி என்ட உடுப்பப் பாத்துட்டு எழும்பிப் போனா. அண்டைக்கு பஸ் முழுக்க ஆக்கள். ஒருத்தரும், இந்த மனிசி அப்படி இல்ல எண்டு சொல்லல்ல.”

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நாங்கள் இருவரும் அந்தப் பயணத்தைப் பற்றி அதுவரை கதைத்ததே இல்லை.

ஒழுங்கையில் சிலர் ராத்தாவோடு முகம் கொடுக்காமல் இருந்தார்கள். கள்ளனுக்கு வக்காலத்து வாங்கினார் என்று ஒரு கதை உலவியது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அஸர் தொழுதுவிட்டுக் கேட்டைத் திறந்து கடற்கரைக்கு நடக்கத் தொடங்கினார். முதலில் நானும் அவரும் மட்டும். பிறகு முன்வீட்டு மாமி. பிறகு மருமகனின் மனைவி, கைப்பிள்ளையோடு. வட்ஸ்அப் செய்திகள் நிற்கவில்லை. அவற்றைப் படித்துக்கொண்டேதான் பெண்கள் மணலில் இருந்தார்கள்.

சில மாதங்கள் கழிந்து பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. வேறோர் ஊரில் சங்கிலி பறித்த இருவர் பிடிபட்டிருந்தார்கள். ஓட்டோவில் நானும் ராத்தாவும் போனோம். வரிசையாகச் சில இளைஞர்களை நிறுத்தியிருந்தார்கள். ராத்தா ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்று நின்று நடந்தார். ஒருவனுக்கு முன்னால் வந்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஓம்,” என்றார் ராத்தா. “இவன்தான்.”

கடலோர ஊர்க்காரன். எங்களைப் போலவே கதைப்பவன். சங்கிலி உருக்கப்பட்டு எங்கோ போய்விட்டிருந்தது.

வெளியே வேப்பமர நிழலில் ஒரு பெண் நின்றார். கறுப்பு அபாயாவின் ஓரம் வெளுத்திருந்தது. எங்களைக் கண்டதும் ஸலாம் சொன்னார். ராத்தா பதில் ஸலாம் சொன்னார்.

“அவன்ட உம்மா நான்,” என்றார் அந்தப் பெண். “நீங்க பொய் சொல்லியிருக்க மாட்டீங்க எண்டு தெரியும். சவளக்கடை ஆளுக்காக நிண்டது நீங்கதானாமே.”

ராத்தா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே அந்த நிழலில் நின்றார்கள். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்த பிறகுதான் ராத்தா கையை விட்டார்.

வண்டி பிரதான வீதிக்கு ஏறியதும் ராத்தா அழத் தொடங்கினார். கழுத்து அறுபட்ட அன்றும், சந்தியில் நின்ற அன்றும் அழாதவர், முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“பொய்யாச் சொல்லியிருக்கலாமே எண்டு தோணுதா?” என்று நான் கேட்டேன்.

“இல்ல,” என்றார். “அவன்தானே.”

நான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். இருமருங்கிலும் கடைகள் திறந்திருந்தன. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வீதியைக் கடப்பதற்காக எங்கள் ஓட்டோ நின்றது.