புட்டு அவியும்வரை விழாத ஷெல்

கோயிலில் துயர மணி அடித்தபோது நானும் என் மனைவி திரேசம்மாவும் குசினிக்குள் இருந்தோம். அவள் ஓலை நீத்துப்பெட்டியில் புட்டை நிரப்பி அடுப்பில் வைத்திருந்தாள். யாருக்கு அடிக்கிறார்கள் என்று நான் யோசித்து முடிக்குமுன் பிலோமினா வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மீன் கூவி விற்று உரத்துப்போன குரல் அவளுக்கு. அன்று அந்தக் குரல் எழும்பவில்லை.

"அண்ணை, கப்பல் கிறகோரி போயிட்டான். கரையிலை கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தவன், அப்பிடியே சரிஞ்சிட்டான்."

"நெஞ்சோ?" என்று திரேசம்மா கேட்டாள்.

"ஓம் அக்கா."

திரேசம்மா பானையைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு செம்பு ஊற்றி மூடினாள். புட்டு நன்றாக அவிந்திருந்தது எனக்குத் தெரியும்; வாசம் வந்துவிட்டது. ஆனாலும் அவள் இறக்கவில்லை. அடுப்பு தானாக அணையட்டும் என்று விட்டுவிட்டு எங்களோடு வந்தாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

இதை வாசிக்கும் ஊரவர்களில் பலருக்குக் கிறகோரியைத் தெரியும். சிலர் ஷெல்லுக்குப் பதுங்க எங்கள் வளவில் வெட்டிய பங்கருக்குள் முழங்கால் இடிபட அவனோடு இருந்தவர்கள். போரில் கடல் மூடப்பட்டு, தொழில் இல்லாமல் போன பிறகு நான் கோயில் மண்டபத்தில் எழுத்துப் படிக்கப் போனேன். தலை நரைத்த பிறகு என் பெயரை நானே எழுதிப் பார்த்த சந்தோசம் இன்னும் குறையவில்லை. கிறகோரி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பான். "அண்ணை, நீங்கள் ஒரு எழுத்து எழுதி மற்ற எழுத்துக்கு வாறதுக்குள்ளை நான் ஒரு சுருட்டுப் பத்தி முடிச்சிடுவன்" என்பான். இதையும் அதே வேகத்தில்தான் எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை செய்தவன் அவன். தங்கையின் கலியாணத்துக்கு வந்தான், பாதை மூடிவிட்டது, என் வள்ளத்தில் கூட்டாளியாகச் சேர்ந்தான். சிங்கப்பூர்த் துறைமுகத்துக் கடையொன்றில் அவன் ஒரு பெட்டியைப் பார்த்திருக்கிறான். காசு போட்டால் திரையில் ஒரு சின்னக் கப்பல் வருமாம். மேலே இருந்து விழுபவற்றை அது சுட்டுத் தள்ள வேண்டுமாம். வீடியோ கேம் என்றான். எங்களில் யாரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. கரண்டே இல்லாத ஊரில், பங்கரின் அரை இருட்டில், அவனுடைய இரண்டு கைகள்தான் எங்களுக்குத் திரை.

"அந்தப் பெட்டியிலை ஒரு பிழை இருக்கு" என்று தொடங்கினான் ஒருநாள். மேலே குண்டு போடும் பொம்பர் விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. "சுடுறவனுக்குச் சுடப்படுறவனைத் தெரியாது. நான் செய்தால் அப்பிடிச் செய்யமாட்டன். தொண்டைமானாற்று முகத்துவாரத்திலை இருந்து எங்கடை கரைமட்டும் அவ்வளவும் அதுக்குள்ளை இருக்கோணும். ஒரு வீடு விடப்படாது. ஒவ்வொரு வீட்டிலையும் ஆர் இருக்கினம், என்ன கறி, ஆரோடை ஆர் கோபம், எல்லாம் இருக்கோணும்."

"என்ரை வீடும் இருக்குமோ?" என்று பிலோமினா கேட்டாள்.

"இருக்கும். நீ கத்துறதும் கேக்கும்."

"அவ்வளத்துக்கும் பெட்டி எவ்வளவு பெரிசு வரும்?"

"எங்கடை கோயிலளவு."

"கரண்ட்? சைக்கிள் டைனமோ உருட்டியோ?"

"ஓம், அதுதான். நல்லூர்ச் சைக்கிள், வட்டுக்கோட்டைச் சைக்கிள், எல்லாம் ஒண்டாச் சேர்ந்து உழக்கோணும். ஒருத்தன் களைச்சு நிண்டாலும் சண்டை நிண்டுபோம்."

பிலோமினா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி இருந்தேன். பெரிய சுறாவைப் பார்த்திருக்கிறேன். பாய்மரத்தை முறிக்கும் காற்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனின் தலைக்குள்ளிருந்து இவ்வளவு பெரிய பொருள் எழும்பி வந்ததை அதுவரை பார்த்ததில்லை. ஆயிரமாயிரம் சைக்கிள்கள் இருட்டில் உழக்கிக்கொண்டு நிற்பது அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போதும் தெரிகிறது.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பெரிய பயம் இருந்தது. எங்கள் மகன் யூட் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளத்தின் ஒரு பலகை மட்டும் கரைக்கு வந்தது. "இந்தியாவிலை கரையேறியிருப்பான், வருவான்" என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். அதனால் திரேசம்மா பங்கருக்குள் இறங்குவதில்லை. பிள்ளை வரும் நேரம் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பாள். நானும் வெளியே நின்றால், "அதுக்கு ஒராள் போதும், நீங்கள் இறங்குங்கோ" என்று துரத்துவாள். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். அசையவில்லை. பங்கரின் வாசல் குசினியைப் பார்த்தபடி இருந்தது. அந்த வாசலில் இருந்துகொண்டு, அவளையும் இழக்கப் போகிறேன் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் நினைப்பேன்.

கிறகோரிக்கும் அது தெரியும். ஒருநாள் ஷெல் தொடங்கியபோது அவன் என் பக்கத்தில் வந்து இருந்து குசினியைப் பார்த்தான். திரேசம்மா புட்டை அவிய வைத்துவிட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னான்: "என்ரை மெசினிலை ஒரு புது விதி. ஷெல்லை அடிக்கலாம். ஆனா அது உடனை விழாது. அடிச்சவன் அந்த வீட்டுக் குசினிக்குள்ளை வந்து குந்தியிருக்கோணும். அடுப்பிலை இருக்கிற புட்டு அவிஞ்சு இறங்கும்மட்டும் ஷெல் மேலையே நிக்கும்."

"அவிஞ்சாப் பிறகு?" என்றாள் பிலோமினா.

"அவனுக்கும் ஒரு பங்கு போடுவினம். சாப்பிட்டிட்டு விழுத்தட்டும், ஏலுமெண்டால். விழுத்தினால் அவன்தான் செத்தவீட்டுக்கும் வரோணும். சவப்பெட்டியின்ரை பாரம் அவன் பிடிக்கிற பிடியிலை தெரியோணும். கோயில்மட்டும் தூக்கோணும்."

"விசரா, உதை ஆர் காசு குடுத்து விளையாடுவினம்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை" என்றான் கிறகோரி. உண்மையிலேயே யோசித்தான்.

பிறகு உயிர்க் கணக்கு வந்தது. அந்தச் சிங்கப்பூர்ப் பெட்டி விளையாடுகிறவனுக்கு மூன்று உயிர் தருமாம். பங்கருக்குள் பெரிய வாக்குவாதம். சாகக்கிடப்பவருக்குப் பாதிரியார் எண்ணெய் பூசுவதை நாங்கள் அவஸ்தை என்போம். "அப்ப சுவாமி ஒராளுக்கு மூண்டு தரம் அவஸ்தை பூசோணுமோ?" என்று பிலோமினா கேட்டாள். கிறகோரி அதற்கும் விதி வைத்தான். ஒருவன் தன் உயிர்களைத் தனக்கென்று எடுக்கக்கூடாது. மற்றவர்களுக்குக் கொடுக்கத்தான் அவை. சொன்ன கையோடு தன்னுடையதைப் பங்கிட்டான். "இந்தா பிலோமினா. உன்ரை வாய்க்கு ஒண்டு போதாது." அடுத்ததை, சுருட்டு நீட்டுவதைப் போல இரண்டு விரலால் பிடித்து எனக்குத் தந்தான். நானும் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"மற்றது திரேசக்காவுக்கு" என்று குசினியைப் பார்த்துக் கூப்பிட்டான்.

அவள் அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். "கிறகோரி, அதைச் செத்தவனுக்குக் குடுக்கலாமோ?"

எந்தக் கேள்விக்கும் விதி வைத்திருப்பவன் தலையைக் குனிந்துகொண்டான். "யோசிச்சுச் சொல்லுறன் அக்கா" என்றான்.

சில நாட்கள் அவன் எங்கள் பக்கம் வரவில்லை. கரையில் கண்டேன். ஈர மணலில் தடியால் எதையோ கீறுவதும், அலை வந்து அழிப்பதும், திரும்பக் கீறுவதுமாக இருந்தான். "என்னடா?" என்றேன். "ஒரு இடம் பிடிபடேல்லை அண்ணை" என்றான். அந்த முகத்தில் பகிடி இல்லை. இல்லாத ஒரு மெசினுக்காக ஒருவன் சாப்பிடாமல் இருந்தான்.

பொம்பர் வராத ஒரு காலையில் குசினி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஏலாது."

திரேசம்மா திரும்பிப் பார்த்தாள்.

"எல்லா மாதிரியும் வச்சுப் பாத்திட்டன். செத்தவனுக்குக் குடுக்கலாமெண்டு வச்சால், சுடுறவனுக்குப் பயம் விட்டுப்போம். ஆரையும் சுடலாம், பேந்து எழுப்பலாமெண்டு நினைப்பான். பேந்து அது சிங்கப்பூர்ப் பெட்டிதான். உயிரோடை இருக்கிறவைக்குத்தான் குடுக்கலாம். யூட்டுக்குக் குடுக்கேலாது, அக்கா."

அவன்மேல் பாய்வாளோ, விழுந்துவிடுவாளோ என்று பின்னால் போய் நின்றேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவு நாளும் ஒருத்தரும் எனக்கு இல்லையெண்டு சொல்லேல்லை" என்றாள். பிறகு நிலத்தில் இருந்துகொண்டு, யூட் போன பிறகு முதல்தரமாக, சத்தம் போட்டு அழுதாள். கிறகோரி வாசலை விட்டுப் போகாமல் தானும் நின்று அழுதான்.

அந்த ஞாயிறு யூட்டின் ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தோம். அடுத்தமுறை பொம்பர் இரைந்தபோது திரேசம்மா பங்கருக்குள் இறங்கினாள். அவிந்து முடியாத புட்டை நீத்துப்பெட்டியோடு இடுப்பில் அணைத்துக்கொண்டு இறங்கினாள். "தள்ளி இருங்கோ, சுடப்போகுது" என்றாள். மேலே ஷெல் கூவிக்கொண்டு போனது. கிறகோரி மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அவிஞ்சிட்டுதோ?"

"இன்னும் இல்லை."

எல்லோரும் மூச்சுவிட்டோம். அன்றிலிருந்து எந்தச் சத்தத்துக்கும் அவன் கேட்பான், அவள் இன்னும் இல்லை என்பாள். உலகத்தில் எந்தப் புட்டும் அவ்வளவு நேரம் அவிந்ததில்லை.

அப்படியொரு நாள்தான் ஷெல் விழுந்து குசினி போனது. வெளியே வந்தபோது கூரையும் இல்லை, அடுப்பும் இல்லை. அவள் என் பக்கத்தில், மண் படிந்த தலையோடு, உயிரோடு நின்றாள். கிறகோரி அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உன்ரை விதியை அவங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் போலை" என்றாள் பிலோமினா. பிறகு அவளே அவனுடைய முதுகைத் தடவிவிட்டாள். புதுக் குசினியை வேய்ந்து தந்தவன் அவன்தான்.

அந்தக் குசினியின் அடுப்பிலிருந்துதான் துயர மணி அடித்த அன்று திரேசம்மா புட்டை இறக்கவில்லை.

சவப்பெட்டியை நானும் கொஞ்சத் தூரம் தூக்கினேன். அதன் பாரம் கையில் தெரிந்தது. கோயில்வரை அவன் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். குழிக்குள் இறக்கியபோது என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. திரேசம்மா அதைக் கண்டுவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏலாது" என்றாள். "அவன்தான் சொன்னவன்."

கையை வெளியே எடுத்தேன். அவன் தந்த உயிர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.