சிரிப்பு வராத பாட்டு

எங்கள் மருத்துவமனையில் பாட்டக்கா வருகிறார் என்பதை அவருக்கு முன்பே அவருடைய பை சொல்லிவிடும். கிலுகிலுப்பை, மணி, கைக்கடக்கமான மேளம் என்று அதற்குள் ஒரு பொம்மைக் கடையே உருளும். இசை சிகிச்சையை முறையாகப் படித்துத் தேறியவர். குரல் மட்டும் ஏனோ அந்தப் படிப்பில் சேரவில்லை. வீட்டில் பாட வாயெடுத்தால் கணவர் மிக்ஸியைப் போட்டுவிடுவாராம். இதை எங்களிடம் சொன்னதே அவர்தான்.

என் வேலை கதிர்வீச்சுக் கருவியை இயக்குவது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இயற்பியலோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி வந்தவனுக்குக் கிலுகிலுப்பையைச் சிகிச்சை என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, வயிற்றில் கட்டியோடு அந்த ஆறு வயதுக்காரி வரும்வரை.

கருவிக்கு அடியில் அவள் பத்து நிமிடம் தனியாக, அசையாமல் படுக்க வேண்டும். அழுது புரண்டாள். அதனால் தினமும் மயக்க மருந்து. மயக்க மருந்து என்றால் காலையில் சாப்பாடு கிடையாது. ஏற்கெனவே ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். இன்னும் இருபது நாள் பாக்கி. மூன்று நாள் முயன்று பாருங்கள் என்று பெரிய டாக்டர் பாட்டக்காவிடம் ஒப்படைத்தார்.

முதல் நாள் அக்கா வெளியறையிலிருந்து மைக்கில் மெல்லப் பாடினார்.

"மெஷினுக்குள்ள யாரு அழறாங்க?" என்று கேட்டுவிட்டுக் குழந்தையும் அழத் தொடங்கினாள். அன்றும் மயக்க மருந்துதான்.

இரண்டாம் நாள் ரோஷத்தோடு வந்தார். பெரிய டாக்டரின் தொப்பை கருவிக்குள் சிக்கிக்கொண்ட கதையைப் பாட்டாகக் கட்டியிருந்தார். குழந்தை அழவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். கதிர் போய்ச் சேரவேண்டிய வயிறே குலுங்கியது. கருவியை நிறுத்தினேன்.

"நல்லா இருக்கறதுதான் பிரச்சினை அக்கா."

"இத்தன வருஷத்துல என் பாட்டுல இப்படி ஒரு குறைய யாரும் சொன்னதில்ல தம்பி."

அன்று மாலை என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கருவி எப்போது சுற்றும், எப்போது ரீங்கரிக்கும், எப்போது நிற்கும் என்று நொடிக்கணக்காகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு வார்டுக்குப் போய், தூங்கும் குழந்தையின் மூச்சை எண்ணினாராம். பரீட்சைக்கு நான்கூட அப்படிப் படித்ததில்லை.

மூன்றாம் நாள் பாட்டில் கதையும் இல்லை, கேலியும் இல்லை. இழுக்கும் மூச்சுக்கு ஒரு வரி, விடும் மூச்சுக்கு ஒரு வரி. இப்போது சுற்றப்போகிறது, இப்போது சத்தம் வரும் என்று பாட்டே முன்கூட்டிச் சொல்லியது. சொன்னபடியே கருவியும் ரீங்கரித்தது. அக்காவோடு சுருதி சேர்ந்த முதல் துணை அதுதான். ஐந்தாம் நிமிடம், உள்ளேயிருக்கும் கேமராவின் திரையில் குழந்தையின் உதடு பிதுங்கியது. பக்கத்தில் நின்ற அவள் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அக்கா வரியை இன்னும் இழுத்தார். திரையில் அந்தச் சின்ன வயிறு நிதானமாக ஏறி இறங்கியது. பத்து நிமிடமும் ஓடி முடிந்தது.

வெளியே வந்தவள் நேராக அக்காவிடம் போனாள்.

"இன்னைக்குப் பாட்டு நல்லாவே இல்ல."

"தெரியும் கண்ணு. நாளைக்கும் இதேதான்."

"சரி. ஆனா டாக்டர் பாட்டு, முடிஞ்சு வெளிய வந்தப்புறம் பாடணும்."

மறுநாள் மயக்க மருந்துப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. எதையோ மென்றுகொண்டே வந்தாள். பின்னாலேயே அம்மா கிண்ணத்தோடு.

"முழுங்கிட்டு வந்து படு," என்றேன்.

இன்னும் ஒரு வாய் இருக்கிறது என்று விரலைக் காட்டினாள். நானும் கருவியும் பாட்டக்காவும் காத்திருந்தோம்.