வேலிக்கு அந்தாண்டை ஒரு முசுக்கொட்டை

அம்பத்தூரில் என்னை யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "பூச்சி எப்டி கீது?" என்றுதான் கேட்கிறார்கள். காலையில் ரயிலுக்கு ஓடும்போது பால்காரர் கேட்பார், வெற்றிலைக் கடைக்காரர் கேட்பார். குடிவந்த புதிதில், எங்கள் கொள்ளேகால் பக்கத்தில் வீட்டுக்குள்ளேயே தட்டுத் தட்டாகப் புழு வளர்த்துப் பட்டு எடுப்போம் என்று நான் பெருமையடித்துக்கொண்டதன் பலன் இது. மனுஷன் புழுவுக்குச் சோறு போடுவான் என்பதை நம்ப இவர்களுக்குச் சில நாள் பிடித்தது. நம்பிய பிறகோ, என் சட்டைப் பையிலும் ஒன்றிரண்டு இருக்கும் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் "நன்றாயிருக்கிறது" என்று சொல்லிப் பழகிவிட்டேன். பேசாமல் போனால், பூச்சி செத்துவிட்டதென்று வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்துவிடுவார்கள்.

பட்டணத்துத் துணிக் கம்பெனி ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை. பட்டணத்தில் வாடகை கட்டாது என்று இந்த ஏரிக்கரை ஊரில் வீடு பிடித்தேன். என் மனைவி மாதம்மாளுக்கு ஊர் பிடிக்கவில்லை. தண்ணீர் உப்பு, வெயில் ஈரம், பேச்சு புரியவில்லை. ரயிலின் ஊதல் கேட்கிற போதெல்லாம் "ஏனுங்க, நாம எப்ப ஊருக்குப் போறது?" என்பாள். தகரப் பெட்டியில் இருக்கிற பாதித் துணியை அவள் வெளியே எடுக்கவேயில்லை. எங்கள் ஊரில் ஒருவர் விடாமல் புழுவுக்கு இலை போடத்தான் முசுக்கொட்டை என்கிற மல்பெரிச் செடி வளர்த்தாலும், அவளுக்கு ஆசையெல்லாம் பழத்தின் மேல்தான். ஆகவே ஒரு நாள் தைரியமாகச் சொல்லிவிட்டேன்: இந்தக் கொல்லையில் முசுக்கொட்டை வைத்து, உன் வாய் நீலமாகிற மட்டும் பழம் தருகிறேன், அப்புறம் ஊர்ப்பேச்சு எடுக்கக்கூடாது. "பழம் வரட்டும், பார்க்கலாம்" என்றாள். என் குடித்தனம் முழுவதும் ஒரு செடியின் காம்பில் தொங்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த முறை இருவருமாக ஊருக்குப் போனபோது குச்சிகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் குழந்தையைப் போல மடியில் கிடத்திக் கொண்டுவந்தேன். கிணற்றடியில் நட்டேன். துளிர்த்ததும் எங்கள் ஊர்க்காரனுடைய மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் முசுக்கொட்டை என்றால் இலைதான். அகலமாக, பளபளப்பாக, கிழிசல் இல்லாமல் இருந்தால் உயர்ந்த சாதி. சின்னதாக, விரல் விட்டாற்போல் பிளந்திருந்தால் புழு கூட முகம் சுளிக்கும். அப்படிப் பிளந்த இலை விட்ட குச்சிகளையெல்லாம் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். சீமந்த புத்திரன் மாதிரி இலை விட்ட ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். பழம் வேண்டும் என்று கிளம்பியவன், பழத்தை ருசி பார்த்துக் குச்சி வெட்டவில்லை, இலையைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுத்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போய் வண்டிமாட்டைப் பார்த்துவிட்டு வந்த கதைதான். எருவைக் கொட்டினேன். கை சும்மா இராமல், ஊர்ப் பழக்கத்தில் இடுப்பளவுக்கு வெட்டி வெட்டி விட்டேன். மரம் இலையாகவே கொழுத்தது. அரை ஜில்லாவின் புழுக்களுக்கு விருந்து வைக்கலாம், ஆனால் அம்பத்தூரில் புழு கிடையாது.

ஒரு வழியாக வெட்டுவதை நிறுத்தியபோது மரம் பூத்தது. சின்னச் சின்னச் சரங்களாகத் தொங்கின. நான் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். சரங்கள் மஞ்சளாகி, மகரந்தத்தை உதறிவிட்டு, அப்படியே தரையில் கொட்டிப்போயின. ஒரு காய் இல்லை. மாதம்மாள் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "இது ஆம்பளை மரமுங்க. ஆடம்பரமாப் பூக்கும், ஒண்ணும் தராது." சொல்லிவிட்டு என்னை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

இதையாவது பொறுத்திருப்பேன். அந்த மாசமே வேலிக்கு அந்தப் பக்கம், கன்னியப்பன் கொல்லையில், ஒரு முசுக்கொட்டை காய்த்துக் குலுங்கியது. கன்னியப்பன் நெல்லும் கீரையும் போடுகிறவர், எருமை வைத்திருக்கிறார். முசுக்கொட்டை என்று ஒரு வஸ்து உலகத்தில் இருப்பதே என் வாயால்தான் அவருக்குத் தெரியும். அவர் கொல்லையில், எருமை கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில், யாரும் ஏனென்று கேட்காமல் ஒரு மரம் ஆள் உயரத்துக்கு மேலே போய், கறுத்துத் தடித்த பழங்களைக் கொத்துக் கொத்தாகப் போடுகிறது. முதலில் பழத்தைக் கம்பளிப்பூச்சி என்று பயந்து அவர்கள் தொடவேயில்லை. பிறகு தொட்டார்கள். பிறகு தெருப்பிள்ளைகள் நாக்கெல்லாம் நீலம். மாதம்மாள் தினமும் மத்தியானம் ஒரு கிண்ணத்தோடு அங்கே போக ஆரம்பித்தாள். சாயங்காலம் நான் வரும்போது உதடெல்லாம் கறையோடு சிரித்துக்கொண்டு நிற்பாள். ஊர்ப்பேச்சு நின்றுவிட்டது. தகரப் பெட்டி காலியாகி, அதில் அரிசி கொட்டி வைத்திருந்தாள். நான் கேட்டதெல்லாம் நடந்தது, நடத்தியது மட்டும் நான் இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பழம் வாயில் போட்டுப் பார்த்தேன். தேனும் இலேசான புளிப்பும் கலந்த அந்த ருசியில் இன்னும் எரிந்தது. அணிலைப் பார்த்தால் கல்லெடுக்கிறவன், அந்த மரத்து அணிலுக்கு மட்டும் மானசீகமாக ஆசி கூறினேன். புயல்மழை வருமா என்று கம்பெனியில் பேப்பர் பார்த்தேன். கடைசியில், எந்த அணிலும் புயலும் உதவாததால், நானே உதவத் தீர்மானித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் நின்று, பூச்சி நிபுணனுக்கு உரிய முகத்தோடு கன்னியப்பனிடம் சொன்னேன்: இந்த மரத்தை இப்படியே விட்டால் கெட்டுப்போகும், முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும், எங்கள் ஊரில் அப்படித்தான்.

என் வார்த்தையை அவர் ஒரு நொடியும் சந்தேகிக்கவில்லை. உள்ளே போய் அரிவாளோடு வந்துவிட்டார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சந்தோஷத்தினாலா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கிளையைப் பிடித்தவர் நின்றார்.

"எதுக்கும் உன் ஊட்டுக்காரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு வெட்றேன் நைனா. அந்தம்மா மரமாச்சே."

அது எப்படி அவளுடைய மரம் ஆகும் என்றேன்.

"இன்னா நைனா, நீதானே புடுங்கி இந்தாண்ட கடாசுன? உன் ஊட்டுக்காரம்மா ஓடியாந்து, வேலி சந்துல நட்டு வைன்னு என் பொஞ்சாதி கைல குடுத்துச்சு. சந்துல ஆடு உள்ள பூராம இருக்குமேன்னு நாங்களும் உட்டுட்டோம்."

அரிவாளைக் கூரை எறவாணத்தில் செருகிவைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மாதம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன்பே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் குச்சி அவள் அப்பா வீட்டு வரப்பில் நிற்கிற மரத்தினுடையதாம். இலை மட்டமென்று யாரும் வெட்டாமல் விட்டதால் மரமாக வளர்ந்த ஒரே முசுக்கொட்டை. நான் சாக்கைக் கட்டுவதற்குமுன் அவளே அதிலிருந்து ஒன்றை வெட்டி என் குச்சிகளுக்கு நடுவில் சொருகியிருக்கிறாள். இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா இந்தப் பக்கமே வெச்சிருப்பீங்க. அங்க இருந்தாத்தானுங்க உங்க அருவா எட்டாது."

கன்னியப்பன் மேல் இருந்த பொறாமை அந்த நிமிஷமே போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அதோடு மாமனார் மேலும் ஒரு புதுப் பொறாமை சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். நாலு வருஷமாக எருவைக் கொட்டி நான் வளர்த்தது ஒரு வெட்டிப்பயல் மரத்தை. எருமைக் கழுநீரைக் குடித்துக்கொண்டு, வேலி ஓட்டையை அடைத்துக்கொண்டு, எங்கள் ஊர் தானாகவே வளர்ந்திருக்கிறது, அடுத்தவன் கொல்லையில்.

இப்போது இரண்டாவது காய்ப்பு. நேற்றுச் சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. கொல்லைக்குப் போனேன். என் மரம் எப்போதும்போலத் தலைநிறையப் பூத்து, சரங்களை என் தலைமேல் உதிர்த்தது. வேலிக்கு அந்தாண்டை மாதம்மாள் கன்னியப்பன் மனைவியோடு கிளையை வளைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் பேச்சில் எது எவர் குரல் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. எனக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று இங்கிருந்தே கேட்டேன்.

"கீதுங்க" என்றாள். வேலிச் சந்து வழியாக ஒரு நீலக் கை நீண்டது.