நெஞ்சில் கட்டிய பெட்டி

போன கிழமை வருடாந்த வைத்தியப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். விமானம் ஓட்டுகிறவன் ஆண்டுதோறும் தன் உடம்பைக் கொண்டுபோய்க் காட்டி, பறக்கலாம் என்று எழுதி வாங்க வேண்டும். தாதி இதயப் படம் எடுக்க என் நெஞ்சு மயிரை மழித்து, அந்தக் குளிர்ந்த களியைத் தடவினாள். அவ்வளவுதான், இடது கைப் பெருவிரல் வலிக்கத் தொடங்கிவிட்டது. நெஞ்சைத் தொட்டால் விரல் வலிக்கிற மனிதனை நீங்கள் எங்கேயும் கண்டிருக்க மாட்டீர்கள். இருங்கள், சொல்லுகிறேன்.

பிறக்கும்போதே என் இதயத்தில் மின்சாரம் ஓடுகிற பாதை ஒன்று கூடுதலாக இருந்தது. இருந்தாற்போல நெஞ்சு குதிரை ஓட்டமாய் ஓடும், நிற்காது. சின்ன வயதில் ஏன் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்கிறீர்களா? போர்க் காலத்தில் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பங்கர் குழிக்குள் எல்லாருடைய நெஞ்சும்தான் ஓடியது! மேலே பொம்மர் விமானம் சுற்றும். குண்டு விழும். மண் வாய்க்குள் கொட்டும். பிளேன் போனபிறகு மற்றவர்களுக்கு அடங்கிவிடும், எனக்கு அடங்காது. “பயந்தாங்கொள்ளி, வெளியிலை வாடா” என்று அம்மா காதைப் பிடித்து இழுத்தெடுப்பார்.

அந்தப் பயந்தாங்கொள்ளிதான் பிளேன் ஓட்டப் படிக்கப் போனான். ஆசையில்லை, ஆத்திரம். இத்தனை நாள் எங்கள் தலைக்கு மேலே இருந்தவனின் இடத்தில் ஒருநாளாவது நான் இருக்க வேண்டும் என்ற ஆத்திரம். ஆனால் இரத்மலானை விமானப் பள்ளியில் முதல் பரிசோதனையிலேயே இதயப் படம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. தொடை இரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு அந்தப் பாதையைச் சுட்டார்கள். அதுவும் போதாதாம். ஒரு பகலும் ஒரு இரவும் நெஞ்சில் வயர் ஒட்டி, பெட்டியில் துடிப்பைப் பதிந்து கொண்டுவா என்றார்கள். ஒரு கோணல் தெரிந்தாலும் விமானத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்தில் பெட்டியைப் பூட்டிவிட்ட டொக்டர், “வழமையா இருக்கிற மாதிரி இரும். குளிக்க மட்டும் வேண்டாம்” என்றார். வழமையாக இருப்பதாம், எங்கள் ஊரில்!

அன்று எங்கள் அம்மன் கோயில் திருவிழா. குளிக்காதவனை எப்படி உள்ளே விடுவது? அம்மா ஈரத் துவாயால் கைகால் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, “அம்மாளாச்சி பொறுப்பா, நட” என்றார். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களுக்குள் ஆட்கள் குண்டைக் கட்டிக்கொண்டு போய் வெடித்து அதிக நாளாகவில்லை. கோயில் வாசலில் பைகளைக் கிண்டிப் பார்த்தார்கள். என்னிடம் பை இல்லை, விட்டுவிட்டார்கள்.

எங்கள் கோயிலில் ஆண்கள் சட்டையோடு உள்ளே போகக் கூடாது. பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. கை தன்பாட்டில் பொத்தானைக் கழற்றிவிட்டது. சட்டையைத் தோளில் போட்டேன். வேட்டி மடிப்பில் பெட்டி, நெஞ்சு முழுக்க வயர். சனம் நெருக்க, பெட்டி விழுந்துவிடுமே என்று இடது கையால் இறுக்கிப் பிடித்தேன். இவனல்லவோ புத்திசாலி!

“ஐயோ வயர்! உவன் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்!”

பந்தல் தடி ஒன்று முதுகில் விழுந்தது. அடுத்தது தோளில். “கையைப் பிடியுங்கோடா! சுவிச்சை அமத்த விடாதேங்கோ!” யாரோ என் பெருவிரலைப் பின்னால் வளைத்தான். முருங்கைக்காய் முறிகிற சத்தம். எனக்கோ பதிவு போய்விடுமே என்ற ஒரே நினைப்பு. “வயரைப் பிடுங்காதேங்கோ!” என்று கத்தினேன். அதற்குப் பிறகு கேட்கவும் வேண்டுமா? வாயில் உதை, விலாவில் உதை. இரத்தத்தோடு மணலையும் விழுங்கினேன்.

அப்போது ஒருவர் என்மேல் பாய்ந்து, நெஞ்சோடு நெஞ்சாகப் படுத்துக்கொண்டார். “பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கோ! நான் அமத்திப் பிடிக்கிறன்!” குரலில் ஆளை அறிந்தேன். எங்கள் பக்கத்து வீட்டுக் குணம் அண்ணை. பங்கருக்குப் போகும் வழியில் மனைவியையும் கைக்குழந்தையையும் குண்டுக்குக் கொடுத்த மனிதர். முதலில் தடியால் அடித்தவரும் அவர்தான் என்று பிறகு அறிந்தேன். நான் வெடித்தால் தன்னோடு போகட்டும் என்று படுத்திருந்தார்.

அம்மா சனத்தைப் பிளந்துகொண்டு வந்து அவரைத் தலைமயிரில் பிடித்து இழுத்தார். “அறுவானே, அது என்ரை பிள்ளை! நெஞ்சு வருத்தத்துக்குப் பூட்டின மிசின்!”

குணம் அண்ணை என் முகத்தைப் பார்த்தார். “வயரைத்தான் கண்டனான் தம்பி. முகத்தைக் காணேல்லை” என்று மணலில் குந்தியிருந்து அழுதார். எனக்கு அவரைக் கொல்ல வேண்டும்போலிருந்தது. கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போலிருந்தது.

விரலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு பெட்டியைக் கொடுக்கப் போனேன். டொக்டர் படத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

“இந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தனீர்?”

“கோயிலிலை அடி வாங்கிக்கொண்டிருந்தனான்.”

“நாங்கள் எவ்வளவு ஓடவிட்டாலும் உந்த வேகம் வராது. ஆனால் ஒரு துடிப்பும் தப்பேல்லை. அந்தப் பாதை செத்துப்போச்சு.”

சான்றிதழ் கிடைத்தது. அடித்த ஒவ்வொருவனுக்கும் அதில் பங்கு உண்டு, பாவிகள்!

எங்கள் ஊருக்குக் கிட்ட உள்ள பலாலி விமான நிலையத்துக்கு முதன்முதல் விமானம் கொண்டுவந்த நாளில், நேரத்தை முன்கூட்டியே குணம் அண்ணையிடம் சொல்லியிருந்தேன். முற்றத்தில் நின்று கைகாட்டுவதாகச் சொன்னார். இறங்கியதும் தொலைபேசி எடுத்தேன்.

“கண்டனீங்களோ அண்ணை?”

“வாழைப் பாத்திக்குள்ளை குப்புறக் கிடந்திட்டன் தம்பி. உன்ரை பிளேன் எண்டு தெரியும். கால் கேக்கேல்லை.”

ஒவ்வொரு முறையும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் தொலைபேசியை எடுத்து, “ஓம், இண்டைக்கும் விழுந்திட்டன்” என்று சிரிப்பார். நான் சிரித்ததில்லை. அவரைக் குப்புறத் தள்ளுகிற சத்தத்தை ஓட்டித்தான் நான் சோறு தின்கிறேன்.

மாசியில் அவர் போய்விட்டார். இப்போது எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு மேலால் எத்தனை தரம் போய்வந்தாலும் கீழே ஒருவரும் விழுவதில்லை.