கத்திரி வெயிலில் கிரிவலம்

பக்கவாதம் வந்து ஒரு மாதத்தில் என் கணவர் எழுந்து நடந்துவிட்டார். பேச்சு குழறவில்லை. இடது கையில் மட்டும் பலம் கொஞ்சம் கம்மி. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மலையடிவாரத்தில், செங்கம் ரோட்டில் குடியிருந்தோம். கத்திரி வெயில் உச்சியில் நின்ற நேரம், "டாக்டரு நடக்க சொன்னாரே, எங்க நடக்கிறது?" என்று அவர் நச்சரித்தார். அடுப்படியிலிருந்து சொன்னேன்: "ஆமா, இப்பவே மலைய ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. உடம்புக்கு ரொம்ப நல்லது." எங்கள் வீட்டில் பேச்சே அப்படித்தான். முன்பென்றால், "உத்தரவு தாயே" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்திருப்பார்.

சாப்பிடக் கூப்பிட வந்தபோது ஆளைக் காணோம். செருப்பு வாசலில் கிடந்தது. கிரிவலம் போகிறவர் செருப்பா போடுவார்? ஆட்டோ பிடித்தேன். ரோட்டோரம் யார் சுருண்டு கிடந்தாலும் அவராகத் தெரிந்தது.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் ஒரு பெட்டிக்கடை நிழலில் நின்றிருந்தார். இரண்டு காலும் கொப்புளம். கடைக்கார அம்மா, "குந்துங்கன்னா கேக்க மாட்றாரும்மா. வூட்ல சுத்திட்டு வர சொன்னாங்க, போவணும்ன்றாரு," என்றாள்.

வேலூரில் மூளை டாக்டரிடம் காட்டினோம். வார்த்தையின் அர்த்தத்தைப் பெரும்பாலும் மூளையின் இடது பக்கம் பார்த்துக்கொள்கிறதாம். குரலின் இழுப்பை, முகத்தின் சுளிப்பைப் பிடிப்பதில் வலது பக்கத்துக்குத்தான் பங்கு ஜாஸ்தியாம். அடி விழுந்தது அங்கே. "கேலியா சொன்னா அவருக்குப் புரியாதும்மா. சொன்னது சொன்னபடிதான் எடுத்துப்பாரு," என்றார். அன்றிலிருந்து எனக்கு என் வாயைக் கண்டு பயம். என் வாயைக் கட்டிவிடலாம், ஊர் வாயை? டீக்கடையில் எவனாவது, "போய் லாரிக்குக் குறுக்க நில்லு சார்" என்றால்?

வீட்டுக்கு வந்து காலுக்கு மருந்து போடும்போது, பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது. "ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க, போங்க."

அவர் முகம் மலர்ந்தது. பாராட்டு வாங்கிய சந்தோஷம். "அப்போ நாளைக்கும் போய்ட்டு வரட்டா?" என்றார்.

பஞ்சைக் கீழே வைத்தேன்.

"வாணாங்க. நீங்க போய்டுவீங்களோன்னு எனக்கு பயமா இருக்குது. நீங்க இல்லாம என்னால முடியாது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் இப்படி ஒரு பேச்சை நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். "சரி, போவல," என்றார்.