ஒரே தாளில் இரண்டு முடிவு

நாற்பதை நெருங்கியும் லோகநாதனுக்கு வெண்சங்கு என்ற புனைபெயரில் ஒருவர் எழுதும் சிறுவர் மாயக்கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். திருப்பாச்சூரில் அண்ணன் செங்கல்வராயனோடு சேர்ந்து நெல் பயிரிட்டவன். ஏர் பிடித்துக் கை காய்த்தவன். வெள்ளிக்கிழமை வாரப் பத்திரிகை வந்துவிட்டால் மட்டும் பம்பு செட்டு கொட்டகையில் போய் உட்கார்ந்துவிடுவான். டீக்கடையில் கேலி ஓயாது. “இன்னா லோகு, எருமை இந்த வாரம் எங்க பறக்குது?” என்பார்கள். அவனும் விவரமாகவே பதில் சொல்வான், கேட்டவனுக்குத்தான் சலித்துப்போகும்.

அறுபத்தெட்டாம் வருஷம் வந்த தொடர், ‘ஏழுகடல் எருமை’. பொன்னி என்ற சிறுமியும் அவளைச் சுமந்து பறக்கும் எருமையும் கடல் கடலாகப் போகிற கதை. கடைசிக்கு முந்தின வாரம் எருமை ஏழாம் கடலில் மூழ்கிவிட்டது. அந்த வாரம் பார்த்து லோகநாதன் வேண்டுதலுக்குப் பெரியபாளையம் போனான். போன இடத்தில், அந்த ஊரிலேயே இருந்த மாமனார் காய்ச்சலில் விழ, அங்கேயே தங்க வேண்டியதாயிற்று.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பியதும் முதலில் பத்திரிகையைத்தான் தேடினான். எருமைக் கதையின் கடைசித் தாளைக் காணோம்.

வீட்டுக்கு ஒரே பத்திரிகை. எல்லோரும் படித்து முடித்த பிறகு அவரவர் தொடரை அவரவர் கிழித்துச் சேர்த்து பைண்டிங் போடுவது அந்த வீட்டு வழக்கம். அண்ணி குணசுந்தரி சேர்த்தது மாமியார் கொடுமை பற்றிய ஒரு குடும்பக் கதை. இரண்டு தொடரும் வேறு வேறு தாளில் வந்ததால் இத்தனை நாள் தகராறில்லை. இரண்டும் ஒரே வாரத்தில் முடிய, அவள் கதையின் முடிவுக்குப் பின்பக்கத்திலேயே எருமைக் கதையின் முடிவையும் அச்சடித்துவிட்டார்கள். அவன் திரும்புவதற்குள் அண்ணி முந்திக்கொண்டு, அந்தத் தாளைக் கிழித்துத் திருவள்ளூரில் பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டாள்.

திருவள்ளூருக்கு ஓடினான். பைண்டர் துளசிராமன் அண்ணியின் புத்தகத்தைக் காட்டினார். எருமை இருந்த பக்கத்தைப் பின்னட்டையோடு சேர்த்து மைதா பசை போட்டு ஒட்டியிருந்தார். “அது சின்னப் பசங்க கதையாச்சே நைனா, வேணாம்னுதான் நெனைச்சேன்” என்றார். லோகநாதனுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நூலகத்துக்குப் போனால், அங்கே எவனோ அந்தப் பக்கத்தை பிளேடால் அறுத்துக்கொண்டு போயிருந்தான். அவன்மேல் மட்டும் கோபம் வரவில்லை. அவனும் நம்ம ஆள்தானே.

புத்தகம் வீட்டுக்கு வந்ததும் அட்டையை உரித்துத் தரச் சொல்லிக் கேட்டான். “உரிச்சா என் கதை முடிவு கிழிஞ்சிடும்” என்றாள் அண்ணி. அக்கம்பக்கத்தார் நாலு பேர் எதிரில் அண்ணன் தீர்ப்புச் சொன்னார்: “பெரியவங்க படிக்கிற கதை அது. நீ மீசை வச்ச ஆளு, எருமை செத்துச்சா பொழச்சுச்சான்னு அழுதுக்கினு கீற. அசிங்கமா இல்ல?” எல்லோரும் சிரித்தார்கள்.

என்ன நியாயம் இது? மாமியார் கொடுமைக்கு மூக்கைச் சிந்தினால் அது புத்தி, எருமைக்குக் கண் கலங்கினால் அது அசிங்கமா? இரண்டும் ஒருத்தர் உட்கார்ந்து எழுதியதுதான். இவர்களில் எவன் அந்தக் கதை மாமியாரை நேரில் பார்த்தான்? லோகநாதன் வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீக்கடை நாஷ்டாவில் காலம் தள்ளினான்.

ஒரு நாள் காலை, பம்பு செட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணி கொட்டகைக்கு வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். இட்லிப் பானை ஆவியில் காட்டி உரித்திருக்கிறாள். அவள் கதையின் முடிவு பாதி பிய்ந்து போயிருந்தது. எருமைப் பக்கம் பசைக்கறையோடு, எழுத்து அழியாமல் இருந்தது.

“உங்க கதை போச்சே அண்ணி.”

“போவட்டும். பொன்னி கடலாண்ட குந்திக்கினு அத கூப்புடுவா பாரு, அந்த எடத்த இன்னொரு வாட்டி படிக்கணும் போல இருந்துச்சு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “நீங்களும் படிச்சிக்கினு இருந்தீங்களா?”

“மொத வாரத்துலேந்து. நீ எடுக்கறதுக்கு முன்னாடியே படிச்சிடுவேன்.”

நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். அவனுக்கோ கோபம்தான் இன்னும் பொங்கியது. “அன்னிக்கி எல்லாரும் சிரிச்சாங்களே, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நாலு பேரு எதிர்ல எப்டி சொல்றது, சின்னப் பசங்க கதைய படிக்கிறேன்னு?” அண்ணி தலை குனிந்துகொண்டாள்.

அதைக் கேட்டதும் அவள்மேல் இருந்த கோபம் எல்லாம் அன்று சிரித்தவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. மோட்டாரை நிறுத்தினான். “குந்துங்க அண்ணி” என்றான்.

சற்றுத் தள்ளி வரப்பில் அண்ணன் மடை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்று, லோகநாதன் தொண்டையைச் செருமி, முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தான்.